செடித்தொட்டி விற்பவனை யார் நம்புகிறார்கள்?

கையால் செய்த செராமிக் செடித்தொட்டி விற்கிறவனிடம் யாரும் முதலில் விலை கேட்பதில்லை; தட்டிப் பார்க்கிறார்கள். தட்டிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறார்கள். நாம் சிரித்தால் "எதுக்குச் சிரிக்கான்?" என்று ஒரு சந்தேகம், சிரிக்காவிட்டால் "எதையோ மறைக்கான்" என்று இன்னொரு சந்தேகம். எந்தப் பொருளையாவது விற்றுப் பிழைக்கிற என் இனத்து ஜனங்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் இந்தப் பார்வையைப் பார்த்தவர்கள்தான்.

எங்கள் பட்டறை தாராவியில். முன்னால் நாலு அலமாரி, நடுவில் சக்கரம், பின்னால் கேஸ் சூளை. சனி ஞாயிறு செம்பூரில் ஒரு செடி நர்சரி வாசலில் மேஜை போடுவோம். 'போடுவோம்' என்றால் நானும் செல்வராணியும். களிமண்ணைச் சக்கரத்தில் ஏற்றித் தொட்டியாக்குவது அவள். அதன்மேல் க்ளேஸ், அதாவது அந்தப் பளபளப்பு வண்ணத்தைக் கலந்து பூசி, சுட்டு, விற்பது நான். அவள் மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்புக்காரி. முதலில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் மண் பிசையப் போய், அங்கேயே சக்கரம் பழகி, அங்கேயே சண்டை போட்டு வெளியே வந்தவள். வாய் என்றால் வாய் அப்படி ஒரு வாய். ஆனால் கை? அந்தக் கை இல்லையென்றால் என்னிடம் மிச்சம் நாலு வாளிச் சாயமும் ஒரு சூளையும்தான். இவள் என்றைக்காவது போய்விட்டால் நான் காலி. அந்தப் பயத்தோடுதான் தினமும் பட்டறைக்கு வருகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் செய்ததெல்லாம் இந்தப் பயத்தில் செய்தது.

நல்ல சத்தம்

மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி வந்தார். பை தூக்குவதற்கு மாமாவும் கூட வந்திருந்தார், ரிட்டையரான பேங்க் ஆபீசர். மாமி ஒரு நீலத் தொட்டியை எடுத்து, விரலை மடக்கி, நாலு பக்கமும் தட்டினார். கீறல் விட்ட தொட்டி என்றால் சத்தம் செத்துப்போய் வரும். நல்லதாகச் சுட்ட தொட்டி கணீரென்று மணி மாதிரி சொல்லும். இது கணீரென்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமி அடுத்ததைத் தட்டினார். அதுவும் கணீர். அதற்கடுத்ததும் கணீர். ஒவ்வொரு கணீருக்கும் மாமியின் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. கடைசியில் மாமாவைத் தட்டச் சொன்னார். மாமா தட்டிவிட்டு "பேஷா இருக்கு" என்று சொல்லித் தொலைத்தார். மாமி அவரை ஒரு முறை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "ஒண்ணு ரெண்டாவது மோசமா இருந்தா நம்பலாம். எல்லாமே இப்படி நன்னா சத்தம் போடறதுன்னா, உள்ள ஏதோ கலந்திருக்கேள்."

அடியில் ஓட்டை

தேவ்நார்க்காரர் ஒருவர், வாழ்க்கையில் முதல் தடவையாகச் செடி வளர்க்கப் போகிறவர், பெரிய பச்சைத் தொட்டி ஒன்று வாங்கிப் போனார். மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஓட்டைத் தொட்டியைத் தலையில் கட்டிவிட்டேனாம். மேலே பளபளவென்று காட்டி, அடியில் ஓட்டையை மறைத்துவிட்டேனாம். "தண்ணி வெளிய போறதுக்கு சார், இல்லேன்னா வேர் அழுகிடும்" என்று சொல்லிப் பார்த்தேன். மற்ற தொட்டிகளையும் கவிழ்த்துக் காட்டினேன். எல்லாவற்றிலும் ஓட்டையைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை, பெருகியது. மொத்த மாலும் டேமேஜ் என்று முடிவுகட்டிவிட்டார்.

ஆனாலும் தொட்டியைத் திரும்பத் தரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறார், சிமெண்டும் பூசியிருக்கிறார். மழைக்காலம் வந்தது. செம்பருத்தி அழுகியது. அழுகிய செம்பருத்தியையும் தொட்டியையும் தூக்கிக்கொண்டு மறுபடியும் அதே ஆட்டோ. ஓட்டையை அடைத்ததால்தான் அழுகியது என்றேன், பொறுமையாகத்தான் சொன்னேன், சத்தியமாக. மனிதர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஓட்டை வேணுமா வேண்டாமான்னு நீங்க மொதல்ல ஒரு முடிவுக்கு வாங்க, அப்புறம் கடை நடத்துங்க."

கையால் செய்தது என்பதற்கு ஆதாரம்

செம்பூரில் ஒரு ஹவுசிங் சொசைட்டி. கேட்டிலிருந்து லிஃப்ட் வரை இரண்டு பக்கமும் தொட்டி வைக்க வேண்டும். செக்ரட்டரி நம்ம ஆள்தான், தமிழ்க்காரர், ஆனால் பாதிப் பேச்சு மராத்தி. இரண்டு கண்டிஷன் போட்டார். எல்லாம் கையால் செய்ததாக இருக்க வேண்டும். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இது நடக்காது என்று நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராணி "அதெல்லாம் ஆயிரும் சார்" என்று முந்திக்கொண்டாள். அவளிடம் ஒன்றை முடியாது என்று சொல்லிவிட முடியாது, ரோஷம் வந்துவிடும்.

செய்தாள். அம்மாடி, செய்தாளே! வரிசையாக வைத்துப் பார்த்தால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது. உதடு, கழுத்து, வயிறு எல்லாம் ஒன்றுபோல. செக்ரட்டரி பட்டறைக்கு வந்தார், குனிந்தார், டேப் வைத்து அளந்தார், மூக்கை உறிஞ்சினார். "இது அச்சுல போட்டது" என்றார். மெஷின் சரக்கை வாங்கி வந்து கைவேலை என்று ஏமாற்றுகிறேனாம். செல்வராணிக்கு வந்ததே கோபம்! அவர் கண் முன்னாலேயே சக்கரத்தில் உட்கார்ந்து அதே அளவில் ஒன்று செய்து காட்டினாள். அதையும் அளந்தார். அதுவும் சரியாக இருந்தது. அதற்கும் தலையை ஆட்டினார்.

அப்புறம் நான்தான் வழி கண்டுபிடித்தேன். அடுத்துச் சூளைக்குப் போகிற ஈடு முழுவதிலும், மண் ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு தொட்டியின் வயிற்றிலும் கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்கச் சொன்னேன். நல்ல தொட்டியை நசுக்கச் சொல்கிறாரே பாவி மனுஷன் என்று செல்வராணி என்னைத் திட்டிக்கொண்டே அமுக்கினாள். செக்ரட்டரி அந்தப் பள்ளங்களைத் தடவிப் பார்த்து முகம் மலர்ந்தார்: "ஆங், இப்பதான் மனுஷன் செஞ்ச மாதிரி இருக்கு. ஆனா பள்ளம் ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு எடத்துல இருக்கே, அதை மட்டும் ஒரே மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க."

எலுமிச்சம்பழம்

அணுசக்தி நகரிலிருந்து ஒரு பெரியவர் வருவார். என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் "டெக்னிக்கல்" என்பார், அதற்குமேல் கேட்டால் வானத்தைப் பார்ப்பார். வரும்போது பையில் எலுமிச்சம்பழம் இருக்கும். தொட்டிக்குள் பிழிந்து வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து, வெள்ளைத் துணியால் துடைத்து, அந்தத் துணியை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். க்ளேஸில் ஈயம் இருந்தால் புளிப்பில் இறங்குமாம், இது அவர் வாதம். "நான் ஈயமே சேக்கிறதில்ல சார்" என்று அடித்துச் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்.

துணி வெள்ளையாகவே இருந்தது. அதனால் திருப்தி ஆகிவிட்டாரா? இல்லை. எலுமிச்சம்பழம் சரியாகப் புளிக்கவில்லையோ என்று அடுத்த வாரம் வேறு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "சார், செடி வைக்கத்தான போறீங்க? துளசிச் செடி என்ன கம்ப்ளெயிண்ட் பண்ணப் போகுது?" என்றேன். அவர் என்னைக் கனிவாகப் பார்த்துச் சொன்னார்: "துளசிக்காகக் கேக்கலை, அந்தத் துளசியைத் தினம் சாப்பிடறது நான்."

வாளிகளின் பெயர்

எங்கள் தொழிலில் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது க்ளேஸ்தான். எதை எவ்வளவு போட்டால் எந்த நிறம் வரும் என்பதை எவனும் எவனுக்கும் சொல்ல மாட்டான். சூளைக்குப் போவதற்கு முன் நீலம் நீலமாக இருக்காது, பச்சை பச்சையாக இருக்காது. வாளியில் பார்த்தால் எல்லாமே கஞ்சி மாதிரி ஒரு நிறம்தான். அதனால் நான் வாளிகளில் பெயரை மாற்றி எழுதி வைத்திருக்கிறேன். 'பச்சை' என்று எழுதிய வாளியில் பழுப்பு, 'நீலம்' என்று எழுதியதில் வெள்ளை, 'வெள்ளை' என்பதில் பச்சை. எவனாவது உள்ளே புகுந்து சுரண்டிக்கொண்டு போனால் போகட்டும், நாசமாய்ப் போவான். கலக்கும்போது திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொள்வேன்.

செல்வராணியும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் தொட்டியின் உதட்டை மடிக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது. முதுகைத் திருப்பிக்கொள்வாள், கேட்டால் கண்ணு பட்டுரும் என்பாள். இப்படி நான் திரைக்கு உள்ளே, அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரே அறையில் வருஷக்கணக்கில் வேலை செய்கிறோம். ஒருநாள் நான் வாளியில் பெயிண்ட்டால் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள்: "பேர மாத்தி எழுதி யார அண்ணாச்சி ஏமாத்துதிய? இங்க நம்ம ரெண்டு பேருதான இருக்கோம்."

பாந்த்ராவிலிருந்து வந்த பெண்

ஒரு சனிக்கிழமை நர்சரி வாசலுக்கு ஒரு பெண் வந்தாள். பாந்த்ராவில் ஸ்டூடியோ வைத்திருக்கிறாளாம். காதில் ஒரு கம்மல், இன்னொரு காதில் வேறு கம்மல். தொட்டிகளைத் தட்டவில்லை. தட்டாமல் தொட்டியின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். தொழில் தெரிந்தவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள். யார் செய்தது என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். செல்வராணி சும்மா இருப்பாளா, "நான்தான் மேடம்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். இரண்டு பேரும் ஃபோட்டோ எடுத்தார்கள், நம்பர் மாற்றிக்கொண்டார்கள், இந்தியில் குசுகுசு. போகும்போது அந்தப் பெண் என்னிடம் வந்து, வித்தியாசமாக எதையும் கேட்காத மாதிரி ஒன்றைக் கேட்டாள். அவள் இந்தியில் கேட்டதைத் தமிழில் அப்படியே சொல்கிறேன்: "அங்கிள், இவ்வளவு நல்லா பண்றவங்க உங்ககிட்ட ஏன் இருக்காங்க?"

தொப்பை

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போச்சு. செல்வராணி ஃபோன் வந்தால் சந்துக்குப் போய்ப் பேசினாள். வியாழக்கிழமை சீக்கிரம் கிளம்பினாள். என் திரைச்சீலைப் பக்கம் கழுத்தை நீட்டினாள். இவள் போகப் போகிறாள், சந்தேகமே இல்லை. போனால் போகட்டும், நாமே சக்கரத்தைப் பழகிக்கொள்வோம் என்று ஒரு வீராப்பு வந்தது. அவளுக்கு லீவு திங்கட்கிழமை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் உட்கார்ந்தேன்.

உட்காராதீர்கள். யாராவது உங்களிடம் சக்கர வேலை பார்க்கச் சுலபமாக இருக்கிறதே என்று சொன்னால் அவனை உட்கார வையுங்கள். மண் நடுவில் நிற்கவே மாட்டேன் என்றது. இடதுபக்கம் அமுக்கினால் வலதுபக்கம் ஓடியது, கொஞ்சம் உயர்ந்தால் கழுத்தை ஒடித்துக்கொண்டு விழுந்தது, ஒரு கட்டி பறந்து போய்க் காலண்டரில் ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் வழித்து வேஸ்ட் மண் டிரம்மில் போட்டு, சக்கரத்தைத் துடைத்து, தடயமே இல்லாமல் வீட்டுக்குப் போனேன். இப்படியே பல திங்கட்கிழமை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை செல்வராணி சக்கரத்துக்கு முன்னால் நின்று ஸ்டூலைப் பார்த்தாள், டிரம்மைத் திறந்து பார்த்தாள், மறுபடி ஸ்டூலைப் பார்த்தாள். நான் எதுவும் தெரியாதவன் மாதிரி தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் குரலில் இருந்தது கோபமா வருத்தமா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை: "எனக்குப் பதிலா எவளோ வந்து பழகுதா. ஸ்டூல் இவ்வளவு தள்ளிக் கெடக்கு, எவளா இருந்தாலும் தொப்ப உள்ளவ."

அக்கா தங்கச்சி

இந்த ரணகளத்துக்கு நடுவிலும் வியாபாரம் நடக்க வேண்டுமே. செம்பூரில் ஒரு அம்மாள் மொபைலை நீட்டினார். எதிர் பில்டிங் பால்கனியை ஜூம் பண்ணி எடுத்த ஃபோட்டோ. அவர் வாங்கிய தொட்டி மாதிரியே அங்கே ஒன்று. "உலகத்துலயே இது ஒண்ணுதான்னு சொல்லித்தான வித்தீங்க?" என்றார். ஒரே கைதானே அம்மா, ஜாடை இருக்கத்தான் செய்யும், ஆனால் இரண்டும் ஒன்றில்லை, உங்களுடையதில் நீலம் வலதுபக்கம் வழிந்திருக்கிறது, அதில் இடதுபக்கம் என்று விளக்கினேன். நான் ஏதோ கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். மனசு எங்கே இருந்தது எனக்கு? செல்வராணி பக்கத்திலேயே நின்றும் ஒரு வார்த்தை பேசவில்லை, வழக்கமாக இந்நேரம் அவள்தான் சண்டையை எடுத்திருப்பாள். அம்மாள் மொபைலை மூடிக்கொண்டு சொன்னார்: "எங்க வீட்டுத் தொட்டியோட தங்கச்சிய எதிர் பில்டிங்குக்கே கட்டிக் குடுத்திருக்கீங்களே, வேற ஊரே கெடைக்கலையா?"

சூளைக்குள் அந்நியன்

சூளையில் அடுக்குவது நான், இறக்குவதும் நான். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்று இறக்கும்போது, கடைசித் தட்டில், பெரிய தொட்டிக்குப் பின்னால் ஒரு குட்டித் தொட்டி உட்கார்ந்திருந்தது. நான் வைக்காதது. பழுப்பு நிறம், பூச்சு ஒருபக்கம் திட்டாக, இன்னொரு பக்கம் வழிந்து தட்டோடு ஒட்டிக்கொண்டு. பூசத் தெரியாதவன் பூசியது. ஆனால் தொட்டியின் உதடு? அந்த உதட்டை மடிக்க இந்த ஊரில் ஒருத்தியால்தான் முடியும்.

"எவனுக்கு எங் கலரக் கொண்டு போற?" என்று கத்திவிட்டேன். "பாந்த்ராக்காரிக்கா?" அவளும் விடவில்லை. "நான் சொன்ன பெறவு பேரச் சரியா எழுதியிருப்பியன்னு நெனச்சுத்தான் பச்சைன்னு எழுதின வாளில முக்குனேன், இது எப்படிப் பழுப்பாச்சு? எழுதுறதுல இன்னுமா பொய்?" என்றாள். பாந்த்ராவுக்கு ஒரே ஒரு வியாழக்கிழமை போனாளாம். ஏப்ரன் மாட்டி, வருகிறவர்கள் முன்னால் சிரித்துக்கொண்டே மண் பிசையச் சொன்னார்களாம், "நான் என்ன சர்க்கஸா?" என்று திரும்பிவிட்டாளாம். அப்புறம் எதற்குடி என் வாளி என்றால், அவள் விரலை நீட்டினாள். என் மேஜைமேல், தொட்டியை அச்சில் வார்க்கிற மெஷின் கம்பெனி ஒன்றின் விளம்பரப் புத்தகம் கிடந்தது. செக்ரட்டரி விவகாரத்துக்குப் பிறகு ஏஜெண்ட் ஒருவன் வந்து கொடுத்துவிட்டுப் போனது. நான் அதைக் கிழித்துத் தொட்டி பேக் பண்ணிக்கொண்டிருக்கிறேன், அவள் அதைப் பார்த்து நான் மெஷின் வாங்கப் போகிறேன், தன்னை அனுப்பப் போகிறேன் என்று முடிவே கட்டிவிட்டாள். நான் துரத்தினால் எங்காவது ரோட்டோரத்தில் தனியாகப் பிழைத்துக்கொள்ள க்ளேஸும் தெரிந்திருக்க வேண்டும் என்று திருட்டுத்தனமாக என் வேலையைப் பழகியிருக்கிறாள்.

"ஆளையும் கொண்டாந்து பழக்குதிய, மெஷினும் பாக்குதிய, நான் என்ன கேனச்சியா?" என்று அவள் அழ ஆரம்பித்ததும் எனக்குத் தாங்கவில்லை. ஆள் எவளும் இல்லை, திங்கட்கிழமை சக்கரத்தில் உட்கார்ந்தது நான்தான், நீ போய்விடுவாய் என்று பயந்துதான் உட்கார்ந்தேன், ஒரு தொட்டிகூட நிற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக என் வயிற்றைப் பார்த்தாள்: "அப்ப அந்தத் தொப்பக்காரி நீங்கதானா?"

பூட்டு

சிரித்தோம். சிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்களா? அன்று சாயங்காலம் அவள் போனபிறகு உட்கார்ந்து யோசித்தேன். இப்போது அவளுக்குக் கையும் தெரியும், வாளியும் கொஞ்சம் தெரியும். பாந்த்ராக்காரியின் நம்பர் அவள் ஃபோனில் இருக்கத்தான் செய்கிறது. என் வேலையைப் பழக ஒளிந்தவள் இன்னும் எதற்கெல்லாம் ஒளிவாள்? யோசிக்க யோசிக்கப் பழைய பயம் மறுபடி ஏறியது. வீட்டுக்குப் போகிற வழியில் ஹார்ட்வேர் கடையில் நின்று ஷட்டருக்கு ஒரு புதுப் பூட்டு வாங்கிவிட்டேன். எதற்கு வாங்கினேன் என்று கேட்காதீர்கள், அந்த நேரத்தில் எனக்கே தெரியாது. பூட்டு என்று ஒன்று புதிதாக இருந்தால் நெஞ்சு கொஞ்சம் அடங்கும் என்று தோன்றியது.

மறுநாள் வழக்கத்தைவிட ரொம்ப முன்னாலேயே பட்டறைக்குப் போனேன். அவள் வருவாளா, வர மாட்டாளா? வராவிட்டால் என்ன செய்வேன்? சந்து திரும்பினால், மூடிய ஷட்டருக்கு முன்னால், டிபன் பாக்ஸ் பையோடு செல்வராணி நிற்கிறாள். அவள் இவ்வளவு காலையில் வந்ததே இல்லை. "என்னம்மா, இவ்வளவு சீக்கிரம்?" என்றேன், சூளையைப் பார்க்க வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "பூட்ட மாத்திட்டியளோன்னு பாக்க வந்தேன்" என்றாள். பூசி மெழுகாமல், முகத்துக்கு நேராக. என் பையில் அந்தப் புதுப் பூட்டு கனத்தது.

எனக்கு வெட்கமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. போகிறவள் பூட்டைப் பார்க்க வருவாளா? இருக்க நினைக்கிறவள்தானே வருவாள்? பையைத் திறந்து பூட்டை எடுத்தேன். அவள் முகம் கறுத்தது. நான் பழைய பூட்டைக் கழற்றினேன், ஷட்டரைத் தூக்கினேன், புதுப் பூட்டோடு வந்த சாவிகளில் ஒன்றை வளையத்திலிருந்து உருவி அவள் கையில் வைத்தேன். இத்தனை வருஷமும் நான் வந்து திறக்கும்வரை அவள் சந்தில்தான் நின்றிருக்கிறாள், அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இனிமே நீயே தொறந்துக்க" என்றேன். அவள் சாவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிறைய நின்றது. பிறகு என் கையிலிருந்த பூட்டை வாங்கி, சாவியை நுழைத்து, ஒரு தடவை பூட்டி, ஒரு தடவை திறந்து, இழுத்தும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி, வேற பூட்டோட சாவியக் குடுத்திருந்தியன்னா?"

ஆக, எங்கள் தொழிலில் நம்பிக்கை என்றால் இவ்வளவுதான்: கொடுக்கிறவன் ராத்திரியே சாவியைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பான், வாங்குகிறவள் அவன் கண் முன்னாலேயே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள்.